மிளா வேட்டைக்கு ஸ்கோப் வாங்கும் முன்

மெல்போர்னிலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினால் மான்ஸ்ஃபீல்ட். அதைத் தாண்டியதும் மலையும் ஓடையும் யூகலிப்டஸ் காடும்தான். அங்கே மேய்கிற பெரிய மானைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிடும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் மிளா. மற்ற இடங்களில் கடமான். ஈழத்து நண்பர்கள் மரை என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் சாம்பர். "சாம்பருக்குப் போகிறேன்" என்று முதல் முறை வீட்டில் சொன்னபோது, யார் வீட்டில் சாப்பாடு என்று கேட்டார்கள்.

ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைத் தொட்டால் சிறைதான். இங்கே நிலைமை வேறு. 1860களில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து காட்டில் விட்ட மான் இது. இன்று பெருகி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிழக்குப் பக்க மலைக்காட்டுச் செடிகளை மேய்ந்து அழிக்கிறது. அதனால் உரிய லைசன்ஸ் இருப்பவர்கள், தேடி நடந்து வேட்டையாடும் முறையில், வருடம் முழுவதும் இதை வேட்டையாடலாம். போலீஸ் தரும் துப்பாக்கி லைசன்ஸ், மாநில அரசு தரும் கேம் லைசன்ஸ் என்கிற வேட்டை உரிமம் இரண்டும் வேண்டும். மிளாவுக்குக் குறைந்தபட்சம் 270 காலிபர், 130 கிரெய்ன் எடையுள்ள தோட்டா என்பது சட்டம். இதெல்லாம் முடித்துவிட்டு, கையில் ஒரு 308 ரைபிளோடு, அதன்மேல் என்ன ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டுவது என்று விழிப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நானும் அப்படி விழித்து, தப்பான ஸ்கோப்பைத்தான் முதலில் வாங்கினேன். 6–24×50. கடையில் எதிர்க்கட்டடத்துச் செங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். மூன்றாவது பயணத்தில், மரப்பெரணிகள் மண்டிய ஓர் ஓடையில், முப்பது மீட்டரில் ஒரு கிடா எழுந்து நின்றது. ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். பழுப்பு நிறம் தெரிந்தது. மயிர் தெரிந்தது. அது தோளா தொடையா என்று தெரியவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அது ஒரு முறை ஊளை போலக் கத்திவிட்டுப் போய்விட்டது.

முதலில் தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: நான் சுடப்போகும் மிகக் குறைந்த தூரம் எவ்வளவு, மிக அதிகத் தூரம் எவ்வளவு? மிளா வேட்டையின் சிக்கலே இதில்தான் இருக்கிறது. காலையில் ஓடை ஓரம் புதருக்குள் மெல்ல நடக்கும்போது 20, 30 மீட்டரில் முகத்துக்கு முகம் பார்ப்பீர்கள். அதே நாள், குளிர்கால வெயிலுக்காக வடக்குப் பார்த்த சரிவில் நிற்கும் மானை, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் 250 மீட்டரில் பார்ப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே ஸ்கோப்தான்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எதிர்ச் சரிவில் மேயும் மானுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. பையை இறக்கி, ரைபிளை அதன்மேல் சாய்த்து, மூச்சை அடக்கி, ஜூமைத் திருப்பி ஏற்ற நேரம் இருக்கும். முப்பது மீட்டரில் எழுந்த மான் உங்களுக்கு இரண்டு விநாடி தரும். அதனால் ஸ்கோப்பின் பெயரில் உள்ள எண்களில் பெரியதை விட்டுவிட்டுச் சின்ன எண்ணை முதலில் பாருங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

எண்களைப் படிப்பது

3–9×40 என்றால், பொருளை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். முன்பக்க லென்ஸின் குறுக்களவு 40 மில்லிமீட்டர். அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்று எண்ணிலிருந்து இரண்டு கணக்குப் போடலாம்.

முதல் கணக்கு, பார்வையின் அகலம். 3 மடங்கில் பொதுவாக 100 மீட்டரில் சுமார் 11 மீட்டர் அகலம் தெரியும். 9 மடங்கில் அது நாலரை மீட்டராகச் சுருங்கிவிடும். இதையே 30 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள்: 3 மடங்கில் 3 மீட்டருக்கு மேல் தெரியும், மான் முழுதாக உள்ளே வரும். 9 மடங்கில் 1.35 மீட்டர்தான். மிளாவின் உடம்பே அதைவிட நீளம். என்னுடைய பழைய ஸ்கோப்பை எவ்வளவு குறைத்தாலும் 6 மடங்குக்குக் கீழே இறங்காது. அன்று நான் பார்த்த பழுப்பு நிறத்துக்குக் காரணம் புரிகிறதா?

இரண்டாவது கணக்கு, வெளிச்சம். முன்லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுங்கள். 40ஐ 4ஆல் வகுத்தால் 10. ஸ்கோப்பிலிருந்து 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒளிக்கற்றை வெளியே வருகிறது என்று பொருள். நம் கண்ணின் பாப்பா இருட்டில் அதிகம் போனால் 7 மில்லிமீட்டர் வரை விரியும், அதுவும் இளம் வயதில். வயது ஏற ஏற அவ்வளவு விரியாது. ஆக, 5க்கும் 7க்கும் நடுவில் வெளியே வந்தால் கண்ணுக்குப் போதும். 3–9×40ஐ 6இல் வைத்தால் 6.7 வருகிறது, அருமை. 9இல் 4.4, அந்தி நேரத்தில் கொஞ்சம் மங்கல். 4–16×44ஐ 16இல் வைத்தால் 2.75. பகலில் பரவாயில்லை, பொழுது சாயும்போது அந்த 16 சும்மா அலங்காரம்தான்.

விக்டோரியாவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்வரைதான் மான் வேட்டை. மிளா அதிகம் நடமாடுவதும் அந்த இரண்டு ஓரங்களில்தான். அந்த அரைமணியில் உதவாத ஸ்கோப் நடுப்பகலில் எவ்வளவு அழகாகக் காட்டினாலும் பயனில்லை.

பெரிய முன்லென்ஸ் இருந்தால் வெளிச்சம் கூடுமே என்று கேட்கலாம். கூடும். ஆனால் 56 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் ஸ்கோப்பை உயரமாக மாட்ட வேண்டியிருக்கும், கன்னம் ரைபிள் கட்டையில் சரியாகப் படியாது, எடையும் ஏறும். மேடையில் உட்கார்ந்து காத்திருக்கும் ஐரோப்பிய வேட்டைக்கு அது சரி. மலையேறி இறங்கும் நமக்கு 40, 42, 44 போதும்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் மிளாவுக்கு என் தேர்வு 2–10×42 அல்லது அதை ஒட்டிய ஒன்று. 2.5–10, 2–12 என்று பல கம்பெனிகளில் கிடைக்கும். பட்ஜெட் இடிக்கிறதா, பழைய 3–9×40 வாங்குங்கள். யாராவது அதைப் பழைய பாணி என்று கிண்டல் செய்தால் சிரித்துவிட்டுப் போங்கள். புதருக்குள் மட்டும்தான் போவேன் என்பவர்களுக்கு 1–6×24 நல்லது. ஆனால் 24 மில்லிமீட்டர் லென்ஸை 6 மடங்கில் வைத்தால் ஒளிக்கற்றை 4 மில்லிமீட்டர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கண்ணாடியைக் கடையில் சோதிப்பது எப்படி

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி தெறித்துப் போய்விடும். ஒரு ஸ்கோப்பில் இப்படி எத்தனையோ பரப்புகள். 1935இல் சைஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த தெறிப்புத் தடுப்புப் பூச்சுதான் இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது. இன்று "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" என்று பெட்டியில் இருந்தால், காற்றுப் படும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். வெறும் "கோட்டட்" என்றால் எங்கோ ஓரிடத்தில் ஓர் அடுக்கு. இந்த ஒரு சொல்லுக்காகப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கலாம்.

அப்புறம் கடைக்காரரிடம் கேட்டு, ஸ்கோப்பை மட்டும் வாசலுக்கு எடுத்துப் போங்கள். சாயங்காலம் போவது நல்லது. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தெருவின் எதிர்ப்பக்கத்தில் மிக இருண்ட மூலை எதுவோ, அதைப் பாருங்கள். நிறுத்திய காருக்கு அடியில், மரத்தின் நிழலுக்குள். அங்கே இலை வேறு குச்சி வேறு என்று பிரித்துக் காட்டுகிறதா? ஒரே விலையுள்ள இரண்டு ஸ்கோப்பை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும். சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும்.

அதே சமயம் தலையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கொஞ்சம் நகர்ந்ததும் படம் கறுத்துப்போனால் அந்த ஸ்கோப் அவசரத்துக்கு ஆகாது. கண்ணுக்கும் பின்லென்ஸுக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை ஐ ரிலீஃப் என்பார்கள். 308, 30-06 போன்ற உதைக்கும் ரைபிளுக்கு 9, 10 சென்டிமீட்டராவது வேண்டும். குறைந்தால் சுட்டதும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். என் இடது புருவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது புருவத்தில் பிறை போல ஒரு தழும்பு இருக்கிறது. மேல்நோக்கிய சரிவில் படுத்துச் சுடும்போது வாங்கியது.

ஜூம் வளையத்தைக் கையுறையோடு திருப்பிப் பார்க்கவும் மறக்காதீர்கள். இங்கே குளிர்காலமான ஜூலையில் விடியற்காலை லிகோலா மலைப்பக்கம் போனால் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

குறுக்குக் கம்பி

ரெட்டிகிள் என்கிற குறுக்குக் கம்பியில் இன்று கிறிஸ்துமஸ் மரம் போலக் கோடும் புள்ளியும் நிறைந்த வகைகள் வந்துவிட்டன. இலக்குப் பலகைக்கு அது அழகு. நிழல் ஓடையில், குச்சியும் கொடியும் பின்னணியாக இருக்கும்போது, எது கம்பி எது குச்சி என்றே தெரியாது. ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்த டூப்ளெக்ஸ் வகையோ, ஜெர்மன் 4 என்கிற மூன்று தடித்த கம்பி வகையோ எடுங்கள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரிகிற வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதன் வெளிச்சத்தை மிகக் குறைத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பிரகாசமாக எரியும் புள்ளி அந்தியில் மானையே மறைத்துவிடும். பேட்டரி தீர்ந்தாலும் கறுப்புக் கம்பி தெரிய வேண்டும்.

முதல் தளம், இரண்டாம் தளம் என்று ஒரு விவாதம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கம்பி ஜூம் லென்ஸுக்கு முன்னால் இருந்தால் முதல் தளம், பின்னால் இருந்தால் இரண்டாம் தளம். முதல் தள ஸ்கோப்பில், ஜூம் ஏற ஏறக் கம்பியும் பெரிதாகும். அதனால் கம்பியில் உள்ள அளவுக் குறிகள் எந்த ஜூமிலும் சரியாக இருக்கும். இரண்டாம் தளத்தில் கம்பி அதே அளவில் நிற்கும். குறிகள் ஒரே ஒரு ஜூமில்தான், பெரும்பாலும் உச்சத்தில்தான், சரி. நீண்ட தூரக்காரர்கள் முதல் தளத்தைச் சொல்வார்கள். ஆனால் 2 மடங்குக்கு இறக்கினால் முதல் தளக் கம்பி முடிபோல மெலிந்துவிடும். நமக்கு அவசரமான தருணமே அந்த 2 மடங்கில்தான் வருகிறது. அதனால் என் ஓட்டு இரண்டாம் தளத்துக்கு.

பாரலாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. கண்ணை நகர்த்தினால் கம்பியும் இலக்கின்மேல் நகர்வது போலத் தெரிவதுதான் அது. சாதாரண வேட்டை ஸ்கோப்பில் இது 100 கெஜத்தையொட்டிச் சரிசெய்து விற்கப்படுகிறது. 250 மீட்டர் வரை கண்ணை நடுவில் வைத்துப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் தனித் திருகு உள்ள ஸ்கோப்புக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். குறைந்த விலை 22 ரைபிள் ஸ்கோப்பை இதில் மாட்டுவது மட்டும் கூடாது. அது 50 கெஜத்துக்கானது, உதையையும் தாங்காது.

நம்பகம் என்றால் என்ன

கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்த) நிலையில் நிற்காத ஸ்கோப் குப்பைதான். நான் இரண்டாவதாக வாங்கிய ஸ்கோப், மலைப்பாதையில் வண்டி குலுங்கிய குலுங்கலில் 100 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் வலப்பக்கம் போய்விட்டது. மானைத் தவறவிட்டேன். தவறவிட்டதுகூடப் பரவாயில்லை. வயிற்றில் பட்டிருந்தால் அது இரண்டு நாள் அலைந்து செத்திருக்கும்.

ஈரம் அடுத்த எதிரி. மார்க்கஸ் லூப்போல்ட் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போனபோது, ஸ்கோப்புக்குள் பனி படர்ந்து மானைத் தவறவிட்டார் என்றும், அந்தக் கோபத்தில்தான் அவர்கள் குடும்பக் கம்பெனி ஸ்கோப் செய்யத் தொடங்கியது என்றும் சொல்வார்கள். உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜனை அடைத்து மூடும் முறையை அவர்கள் 1940களின் இறுதியில் கொண்டுவந்தார்கள். இன்று நைட்ரஜனோ ஆர்கானோ அடைக்காத வேட்டை ஸ்கோப்பை வாங்கவே கூடாது. வீட்டில் சோதிக்க வழி இருக்கிறது: வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் முக்கிப் பாருங்கள். உள்ளிருந்து குமிழி தொடர்ந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரரின் நிபந்தனையை முன்பே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மேலேயும் பக்கத்திலும் இருக்கும் திருகுகளை டரட் என்பார்கள். மூடி போட்ட டரட் வாங்குங்கள். திறந்த டரட் பார்க்க மிடுக்காக இருக்கும். பிளாக்பெர்ரி முள்ளுக்குள் நுழைந்து வந்தால் அது எத்தனை கிளிக் சுற்றியிருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கம்பெனி? ஸ்வரோவ்ஸ்கி, சைஸ், காலஸ் எல்லாம் உச்சம், விலையும் உச்சம். லூப்போல்ட், மியோப்டா, வோர்ட்டெக்ஸ் நடுவில் பல நிலைகளில் கிடைக்கும். ஒரே கம்பெனியிலேயே மட்டமான வரிசையும் உயர்ந்த வரிசையும் உண்டு என்பதால் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நிக்கான் பழைய ஸ்கோப் மலிவாக வந்தால் யோசியுங்கள். அவர்கள் ரைபிள் ஸ்கோப் தொழிலை விட்டுவிட்டார்கள். காசு குறைவாக இருந்தால் ஜூம் வரம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். ஒரே விலைக்கு 3–9உம் 5–25உம் கிடைத்தால், இரண்டாவதில் எங்கோ கைவைத்திருக்கிறார்கள்.

மாட்டுவது, ஜீரோ செய்வது

ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்துவைக்கும் வளையம்தான் ரிங். நல்ல ஸ்கோப்பை மலிவான ரிங்கில் மாட்டிக் கெடுப்பவர்கள் நிறைய. ஸ்கோப் குழாய் 1 அங்குலமா 30 மில்லிமீட்டரா என்று பார்த்து அதற்கேற்ற ரிங் வாங்குங்கள். முன்லென்ஸ் துப்பாக்கிக் குழலைத் தொடாத அளவுக்கு எவ்வளவு தாழ்வாக மாட்ட முடியுமோ அவ்வளவு தாழ்வாக. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். படம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்கோப்பை முன்னோ பின்னோ நகர்த்துங்கள், கழுத்தை நீட்டிப் பழகாதீர்கள். கடைசியாக ரிங் திருகுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவரால் 2 நியூட்டன் மீட்டர் அளவில், மாற்றி மாற்றி இறுக்குங்கள். கைபலத்தில் இறுக்கினால் குழாய் நசுங்கும். ரிங் கம்பெனி வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி.

ஜீரோ செய்வதை 25 மீட்டரில் தொடங்குங்கள். போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாகப் பார்த்து, இலக்கின் நடு தெரியும்படி ரைபிளை மணல் மூட்டையில் நிறுத்துங்கள். பிறகு ரைபிளை அசைக்காமல் கம்பியை அதே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஒரு தோட்டா. காகிதத்தில் எங்காவது பட்டிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு 100 மீட்டருக்குப் போங்கள். அங்கே மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவைக் கணக்கில் எடுங்கள். ஒற்றைத் தோட்டாவைத் துரத்திக்கொண்டே திருகினால் ஒரு பெட்டி காலியாகும், ஜீரோ வராது.

எம்.ஓ.ஏ., மில் இரண்டும் கோண அளவுகள். கால் எம்.ஓ.ஏ. என்று டரட்டில் எழுதியிருந்தால் ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். 0.1 மில் என்றால் சரியாக 1 சென்டிமீட்டர். மீட்டரில் பழகிய நமக்கு மில்தான் வசதி: 6 சென்டிமீட்டர் இடது பக்கம் பட்டால் 6 கிளிக் வலது. 25 மீட்டரில் அதே கிளிக் நாலில் ஒரு பங்குதான் நகர்த்தும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எத்தனை மீட்டருக்கு ஜீரோ? 150 கிரெய்ன் 308 தோட்டாவை 200 மீட்டருக்கு ஜீரோ செய்தால், 100 மீட்டரில் சுமார் 6 சென்டிமீட்டர் மேலே படும், 300 மீட்டரில் சுமார் 25 சென்டிமீட்டர் கீழே. தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறும். மிளாவின் நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். ஆக 20 மீட்டரிலிருந்து 240 மீட்டர் வரை, எதையும் திருகாமல், நெஞ்சின் நடுவிலேயே குறிவைக்கலாம். அதற்கு மேல் புதியவர்கள் சுட வேண்டாம், நடந்து நெருங்குங்கள். செங்குத்தான சரிவில் கீழ்நோக்கிச் சுடும்போது கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 30 டிகிரிச் சரிவில் 300 மீட்டர் என்பது 260 மீட்டருக்குச் சமம்.

ஜீரோ ஆனதும் ஒரு சோதனை. மேலே 20 கிளிக், வலது 20, கீழே 20, இடது 20 என்று திருகிச் சுட்டுக்கொண்டே வாருங்கள். கடைசித் தோட்டா முதல் தோட்டா பட்ட இடத்திலேயே விழ வேண்டும். விழாத ஸ்கோப் வாரன்ட்டிக்குப் போகட்டும்.

காட்டில்

ஸ்கோப்பை பைனாகுலராகப் பயன்படுத்தாதீர்கள். புதர் அசைகிறது என்று ஸ்கோப்பைத் தூக்கிப் பார்த்தால், அங்கே இருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால், அவர்மேல் துப்பாக்கியை நீட்டிவிட்டீர்கள். கழுத்தில் 8×42 பைனாகுலர் இருக்கட்டும். மான் என்று அதில் உறுதியான பிறகு, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்த்த பிறகு, ரைபிள்.

குளிரில் ஊறிய ரைபிளைக் கூடாரத்துக்குள், ஹீட்டர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். நைட்ரஜன் உள்ளே பனி படராமல்தான் காக்கும், வெளி லென்ஸில் படர்வதை அது தடுக்காது. லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு கீறும். மைக்ரோஃபைபர் துணி ஒன்றைப் பாக்கெட்டில் போடுங்கள். மூடி எதுவானாலும் பரவாயில்லை, நானே சைக்கிள் டியூபை வெட்டித்தான் மாட்டியிருக்கிறேன்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும், கரடுமுரடான பாதையில் வந்திருந்தால், பாதுகாப்பான அனுமதியுள்ள இடத்தில் ஒரு தோட்டா சுட்டு ஜீரோவைப் பாருங்கள். அப்புறம் நடக்கத் தொடங்கும்போது ஜூம் வளையத்தை 2இல் விட்டுவிடுங்கள். எதிர்ச் சரிவில் மான் தெரிந்தால் ஏற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.